ஏழு வருடம், மாதம் ஒரு ஞாயிறு: எங்கள் வேலூர் வாசகர் வட்டம்

சத்துவாச்சாரியில் ஒரு மொட்டை மாடி. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மாலை நாலரை மணி. 2018-ல் முதல் தடவை போனபோது அங்கே ஆறு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது பதினைந்து, பதினாறு பேர் வருகிறோம். புதிதாகச் சேர நினைப்பவர்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள் என்பதால் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் செலவு. மாதம் 50 ரூபாய். டீ, மசால் வடை போக மிச்சம் இருக்கும் பணத்தில் அடுத்த மாத நாவலை மூன்று பிரதி வாங்கிக் கைமாற்றிக்கொள்கிறோம். மற்றவர்கள் நூலகத்தில் எடுப்பார்கள். நாம் கட்டுகிற வீட்டு வரியிலேயே நூலக வரியும் சேர்ந்துதான் இருக்கிறது. உறுப்பினர் அட்டை இல்லாதவர்கள் இந்தச் சாக்கிலாவது ஒன்று எடுத்துவிடுங்கள்.

ஆரம்பத்தில் எனக்குப் பெரிய ஏமாற்றம்தான். ஒருவர் எழுந்து முழுக் கதையையும் முக்கால் மணி நேரம் சொல்வார், படித்து வந்தவர்கள் வாயைத் திறப்பதற்குள் இருட்டிவிடும். இரண்டு வருடம் இப்படியே போனது. அப்புறம் ஒரு அக்கா, "கதைச் சுருக்கம் யாரும் சொல்ல வேண்டாம். உங்களை நிறுத்தின ஒரு பக்கத்தை மட்டும் படிங்க, ஏன் நிறுத்திச்சுன்னு சொல்லுங்க" என்றார். அன்றோடு கூட்டமே மாறிவிட்டது. இப்போது புத்தகங்களில் பென்சில் கோடும் பஸ் டிக்கெட்டுமாக அடையாளம் வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

அந்த மாற்றத்துக்குப் பிறகு நடந்த கூட்டங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மு. வரதராசனின் 'அகல் விளக்கு' எடுத்திருந்தோம். அவருடைய ஊர் வாலாஜா பக்கத்து வேலம். நாவலும் வாலாஜாவையும் பாலாற்றையும் வைத்துத்தான் தொடங்குகிறது. 1961-ல் சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல், கல்லூரியில் தேர்வுக்காகப் படித்து மறந்திருந்தேன். இளையவர்கள் இரண்டு பேர், நடை பழசாக இருக்கிறது, அறிவுரை அதிகம் என்றார்கள். அது சரிதான், எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்போது தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் பேச ஆரம்பித்தார். "நாங்க சின்னப் பசங்களா இருந்தப்ப ஆத்துல தண்ணி ஓடாதுப்பா. ஆனா கையால தோண்டுனா முழங்கை ஆழத்துல ஊத்து வந்துடும்." சொல்லும்போதே வலது கையைக் குவித்துப் பாயின் மேல் மணலை அள்ளி அள்ளி ஒதுக்கினார். கலங்கின முதல் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றிவிட்டு, தெளியும்வரை காத்திருந்து, கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்களாம். மணல் போனதையும் தோல் கழிவு வந்ததையும் அவர் சொல்லி முடித்தபோது யாரும் பேசவில்லை. வீட்டுக்குப் போய் முதல் அத்தியாயத்தை மறுபடி படித்தேன். ஒவ்வொரு வரியிலும் அந்தக் கை தெரிந்தது. 2021 நவம்பரில் பாலாற்றில் இருகரையும் தொட்டு வெள்ளம் போனபோது, அவரையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனோம்.

குறைகளும் உண்டு. பெரிய நாவலுக்கு ஒரு மாதம் போதவே போதாது. 500 பக்கத்தைத் தாண்டினால் இரண்டு மாதம் கொடுங்கள் என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கூட்டம் ஏழரைக்கு முடிவதால் காட்பாடி, பாகாயம் பக்கத்துப் பெண்கள் பாதியிலேயே பஸ்ஸுக்குக் கிளம்புகிறார்கள். நல்ல வாசகிகள் சிலர் இதனாலேயே நின்றுபோனார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம். 2020-ல் கைப்பேசியில் நடத்திய கூட்டங்கள் ஒப்புக்குத்தான் நடந்தன.

ஏப்ரல், மே வெயிலில் மாடியில் கால் வைக்க முடியாது. அந்த இரண்டு மாதமும் காலை ஆறரைக்குக் கோட்டைப் பூங்காவுக்கு மாறிவிடுகிறோம். ஜூலையில் 1806 சிப்பாய்ப் புரட்சி பற்றி ஏதாவது வாசித்துவிட்டு, மக்கான் சந்திப்பு நினைவுத்தூண் வரை நடப்பது வழக்கமாகிவிட்டது.

போன வருடம் கணவரின் சிகிச்சைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்து லாட்ஜில் தங்கியிருந்த ஒரு அம்மா மூன்று கூட்டங்களுக்கு வந்தார். கிளம்பும் முன்பு, படித்து முடிக்காத புத்தகத்தைத் திருப்பித் தர வந்தார். எடுத்துக்கொண்டு போங்கள் என்றோம். தபாலில் திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு இருந்தது.

வர நினைப்பவர்கள் முதல் கூட்டத்துக்குப் படிக்காமலேயே வரலாம். இரண்டாவது கூட்டத்திலிருந்து ஒரு பக்கமாவது கொண்டுவர வேண்டும்.