60 எஃப்பிஎஸ் காட்டியும் கேம் திக்குதா? ஆர்டிஎஸ்எஸ் போட்டுப் பாருங்கள்

திரை மூலையில் 60 எஃப்பிஎஸ் (விநாடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம்) என்று அசையாமல் நிற்கும், ஆனால் கேமராவைத் திருப்பினால் படம் வெடுக் வெடுக்கென்று இழுக்கும். இந்தத் தொல்லை இருப்பவர்கள் புது கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு சேர்க்கும் முன்னால் ரிவாட்யூனர் ஸ்டாடிஸ்டிக்ஸ் சர்வர் என்ற சின்ன மென்பொருளைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். சுருக்கமாக ஆர்டிஎஸ்எஸ். இலவசம்தான். கிராபிக்ஸ் கார்டைக் கண்காணிக்கும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளோடு சேர்ந்தே வரும், தனியாகவும் கிடைக்கும். விண்டோஸ் புதிதாகப் போட்டால் என் லேப்டாப்பில் முதலில் ஏறுவது இதுதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஃப்ரேம் டைம் வரைபடம், ஒவ்வொரு ஃப்ரேமும் வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று காட்டும் கோடு. எஃப்பிஎஸ் என்பது ஒரு விநாடியில் எத்தனை ஃப்ரேம் வந்தது என்ற கணக்கு மட்டும்தான், எப்போது எப்போது வந்தது என்று அது சொல்லாது. எங்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு மணிக்கு ஆறு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக வந்தால் நல்லது, ஐந்து பஸ் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டு அப்புறம் முக்கால் மணி நேரம் ஒன்றுமே வராவிட்டாலும் கணக்கில் ஆறுதான். கேமிலும் அப்படித்தான். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் 16.7 மில்லி விநாடியில் வர வேண்டும், நடுவில் ஒன்று 80 எடுத்துக்கொண்டால் சராசரி பெரிதாகக் குறையாது, ஆனால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆர்டிஎஸ்எஸ்ஸில் ‘ஷோ ஓன் ஸ்டாடிஸ்டிக்ஸ்’ என்பதை ஆன் செய்தால் இந்தக் கோடு திரையிலேயே ஓடும். கோடு தட்டையாக இருந்தால் கேம் வழுக்கிக்கொண்டு போகும், முள் முள்ளாக எழும்பினால் எஃப்பிஎஸ் எவ்வளவு காட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது ஃப்ரேம்ரேட் லிமிட். கட்டத்தில் ஒரு எண்ணைப் போட்டால் போதும், அதற்கு மேல் போக விடாது, அதுவும் ஃப்ரேம்களைச் சம இடைவெளியில் அனுப்பும். கேமுக்குள்ளேயே இருக்கும் லிமிட்டில், பட்டனை அழுத்தியது திரையில் தெரிய ஆகும் தாமதம் கொஞ்சம் குறைவு, அதை மறுக்கவில்லை, சுட்டு விளையாடும் போட்டி கேம்களுக்கு அதையே வையுங்கள். ஆனால் பல கேம்களில் அந்த லிமிட் கோட்டைத் தட்டையாக வைப்பதில்லை. கதை கேம், ரேஸ் கேம் ஆடுபவர்களுக்கு ஆர்டிஎஸ்எஸ்தான் மேல் என்பது என் முடிவு.

என்ன எண் போடுவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். என்னுடையது ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, அதில் 4 ஜிபி மெமரி, திரை 144 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 144 தடவை படத்தைப் புதுப்பிக்கும், ஃப்ரேம் வரும் வேகத்துக்குத் திரையை மாற்றிக்கொள்ளும் ஜி-சிங்க் கிடையாது. இதில் 60 போட்டால் கணக்கு ஒட்டாது, 144-ஐ 60-ஆல் வகுத்தால் 2.4 வருகிறது, அதனால் ஒரு ஃப்ரேம் இரண்டு தடவையும் அடுத்தது மூன்று தடவையும் திரையில் நிற்கும், அந்த ஏற்ற இறக்கமே திக்கலாகத் தெரியும். 72 அல்லது 48 போட்டு, திரை புதுப்பிக்கும் நேரத்தோடு ஃப்ரேமைச் சேர்த்து அனுப்பும் வி-சிங்க்கும் ஆன் செய்தால் சமமாக விழும். இல்லையென்றால் திரையையே 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிட்டு 60 போடுங்கள். ஜி-சிங்க் அல்லது அதே மாதிரியான ஃப்ரீசிங்க் உள்ள திரை என்றால் கதை வேறு, திரையின் ஹெர்ட்ஸில் மூன்று குறைத்து, அதாவது 144-க்கு 141 என்று வைத்தால் சரியாக இருக்கும்.

எங்கள் பக்கத்துக்கு இந்த லிமிட் இன்னொரு விதத்திலும் முக்கியம். பாலக்காட்டில் மார்ச், ஏப்ரல் வெயில் 40 டிகிரியைத் தொடும், மதியம் மேலே ஃபேன் சுற்றினாலும் அனல்தான் இறங்கும். லேப்டாப் முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு, சூடேறியதும் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அங்கேதான் முள் கிளம்புகிறது. கோடையில் நான் 48-இல் பூட்டிவிடுகிறேன். கார்டுக்கு வேலை குறைகிறது, சூடு குறைகிறது, கடைசி வரை ஒரே சீராக ஓடுகிறது. 90-க்கும் 40-க்கும் நடுவில் குதிப்பதை விட அசையாத 48 எவ்வளவோ மேல், நம்பாதவர்கள் ஒரு சாயங்காலம் ஆடிப் பாருங்கள்.

சரி, இது தீர்க்காத விஷயங்களையும் சொல்லிவிட வேண்டும். புது இடத்துக்குப் போகும்போது மட்டும் திக்கி, அதே இடத்துக்குத் திரும்பிப் போனால் திக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் ஷேடர் (ஒளி, நிழல், நிறத்தை வரையச் சொல்லும் சின்ன நிரல்) கம்பைல் ஆகும், அதாவது கார்டுக்கு ஏற்றபடி தயாராகும் திக்கல், டைரக்ட்எக்ஸ் 12 என்ற விண்டோஸ் கிராபிக்ஸ் முறையில் ஓடும் கேம்களில் அதிகம் பார்க்கலாம். அதற்கு லிமிட் உதவாது, என்விடியா கார்டு என்றால் கன்ட்ரோல் பேனலில், தயாரான ஷேடரைச் சேமித்து வைக்கும் ஷேடர் கேஷ் அளவைக் கூட்டி வையுங்கள், கேம் முதலில் ஷேடர் தயார் செய்யும்போது பாதியில் தாண்டாமல் காத்திருங்கள். டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படத்தின் தரம்) அல்ட்ராவில் வைத்து கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பி வழிந்தாலும் முள் வரும், அதற்கு டெக்ஸ்சரைக் குறைப்பதுதான் வழி. பொள்ளாச்சியில் இருக்கும் என் சித்தப்பா பையன் லேப்டாப்பில் ஒரே ஒரு 8 ஜிபி ரேம்தான் இருந்தது, “அண்ணா, லிமிட் போட்டும் இழுக்குது” என்றான். இன்னொரு 8 ஜிபி போட்டு, இரண்டு ரேமும் சேர்ந்து வேலை செய்யும் டூயல் சேனல் ஆன பிறகுதான் கோடு படுத்தது.

ஸ்கைரிம் மாதிரி பழைய கேம்கள் வேறு வகை. அதில் பொருள்கள் நகரும் கணக்கே ஃப்ரேம்ரேட்டோடு கட்டப்பட்டிருக்கிறது, 60-ஐத் தாண்டவிட்டால் மேஜை மேல் இருக்கும் பாத்திரமெல்லாம் பறக்கும். அங்கே 60 என்ற பூட்டை உடைக்க வேண்டாம்.

குறை என்றால் தோற்றம். பொடி எழுத்து, பழைய காலத்துப் பொத்தான்கள், எது எங்கே இருக்கிறது என்று புதிதாக வருபவருக்குப் புரியவே நேரம் பிடிக்கும், தமிழில் யாராவது விளக்கி வைத்தால் புண்ணியம். சில ஆன்லைன் கேம்களில் ஏமாற்று வேலையைத் தடுக்கும் ஆன்ட்டி-சீட் இதைத் திரையில் வர விடாது, அப்போது கேமின் லிமிட்டையோ, என்விடியா கன்ட்ரோல் பேனலில் 2020-இல் வந்த மேக்ஸ் ஃப்ரேம் ரேட்டையோ பயன்படுத்துங்கள்.

டவுன்லோட் செய்யும்போது மட்டும் கவனம். ஆஃப்டர்பர்னர் பெயரில் போலித் தளம் வைத்து வைரஸ் பரப்புகிறார்கள் என்று 2021-இல் எம்எஸ்ஐ நிறுவனமே எச்சரித்திருக்கிறது. எம்எஸ்ஐ தளம் அல்லது குரு3டி தளம், இரண்டைத் தவிர வேறு எங்கிருந்தும் எடுக்காதீர்கள்.