வறுவலுக்கு ஊட்டிக் கிழங்கா, ஆக்ரா கிழங்கா?

எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு வறுவல் என்றால் இப்போது ஊட்டிக் கிழங்குதான். விலை அதிகமாயிற்றே என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆக்ரா கிழங்கு வெளுப்பாக, சுத்தமாக இருக்கும், மலிவு, வருடம் முழுக்கக் கிடைக்கும். ஊட்டிக் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலம் போய் மண்ணோடு வரும். வரத்து குறைந்தால் விலை எகிறிவிடும்.

என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கிற விஷயம் ஒன்றுதான்: கிழங்கு எத்தனை மாதம் குளிரில் இருந்தது? வடக்கே ஆக்ரா பக்கம் பிப்ரவரி, மார்ச்சில் தோண்டியதைக் குளிர்பதனக் கிடங்கில் வைத்து, ஆண்டுக் கடைசி வரை கொஞ்சம் கொஞ்சமாக விற்கிறார்கள். வழக்கமாக 2 முதல் 4 டிகிரி செல்சியஸ். முளைக்காது, சரி. ஆனால் அந்தக் குளிரில் மாவுச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாகிவிடுகிறது. சில நேரம் பொரியல் அசட்டுத் தித்திப்பாக இருக்கிறதே, அது இதனால்தான். எண்ணெயில் போட்டால் உள்ளே வேகுமுன் வெளியே கறுத்துவிடும். தீயைக் குறைத்தால் கறுக்காது, ஆனால் மொறுமொறுப்பும் வராது. சிப்ஸ் கம்பெனிகள் சர்க்கரை குறைந்த குஃப்ரி சிப்சோனா போன்ற ரகங்களைத் தேடுவதும், 10 முதல் 12 டிகிரியில் வைப்பதும் இதற்காகத்தான். நீலகிரியில் வருடத்துக்கு மூன்று போகம் நடுவதால், தோண்டிய கிழங்கு அதிகம் காத்திருக்காமல் கடைக்கு வந்துவிடுகிறது. (வாங்கியதை நாமே ஃபிரிட்ஜில் வைத்தால் கொடுத்த காசு வீண்.)

ஆக்ரா கிழங்கை ஒரேயடியாக ஒதுக்கவில்லை. மார்ச் வாக்கில் வரும் புதுக்கிழங்கில் இந்தத் தொல்லை இல்லை. பூரி மசாலுக்கும் போண்டாவுக்கும் வெங்காயம், பச்சைமிளகாய், இஞ்சி எல்லாம் சேரும்போது யார் வித்தியாசம் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அதற்கு மலிவானதே போதும். கிடங்குக் கிழங்கையே இரண்டு மூன்று வாரம் வெளியே, வெளிச்சம் படாமல் பரப்பி வைத்தால் சர்க்கரை ஓரளவு இறங்கும். சிப்ஸ் வீட்டில் அடிக்கடி போடுகிறவன் இல்லை. அதில் எது மேல் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

அப்புறம், செம்மண் ஒட்டியிருப்பதை மட்டும் பார்த்து ஊட்டி என்று நம்பிவிடாதீர்கள். மண்ணைப் பூசுவது பெரிய வேலையா என்ன? புதுக்கடை என்றால் முதலில் கால் கிலோ வாங்கி வறுத்துப் பார்ப்பேன். கறுத்தால் அடுத்த முறை வேறு கடை.