ரிவர்ஸ் கேமரா: உப்புக்காற்றுக்கு எந்த இணைப்பு தாங்கும்?

நாமே வாங்கி நாமே மாட்டிய ரிவர்ஸ் கேமரா சில மாதங்களில் படம் காட்டாமல் போனால், பெரும்பாலோர் முதலில் பழிப்பது கேமராவைத்தான். பாம்பனிலும் கீழக்கரையிலும் எங்கள் உறவில் ஓடும் மூன்று வண்டிகளுக்கு இந்த வேலையைச் செய்து, மூன்றையும் பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். அவற்றில் கேமராவே கெட்டது ஒரே முறைதான்; மற்ற சமயங்களிலெல்லாம் கெட்டது இணைப்பு. ஆகவே எந்தக் கேமரா நல்லது என்பதைவிட, எப்படி இணைத்தால் பழுது குறையும், வந்தாலும் எளிதில் பிடிபடும் என்பதையே இந்தக் கரையில் இருப்பவர்கள் ஒப்பிட வேண்டும். 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ரிவர்ஸ் பார்க்கிங் எச்சரிக்கை கட்டாயமாகிவிட்டது என்றாலும், அது சென்சார் எழுப்பும் ஒலியோடு நின்றுவிடலாம். அதற்கு முந்தைய வண்டிகளில் பலவற்றுக்கு அதுவும் இல்லை.

வடகடலும் தென்கடலும் இருபுறமும் நெருக்கும் நிலம் இது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் தனியே ஒரு நிலையம் வைத்திருப்பது காரணமில்லாமல் இல்லை. முறுக்கி டேப் சுற்றிய செப்புக் கம்பியில் இங்கே களிம்பு ஏறும் வேகத்தை மதுரையிலிருந்து வரும் மெக்கானிக் நம்பமாட்டார். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஐபி67 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கேமராவின் கூடு தாங்கும் என்பதற்கான உறுதி. அதன் வால் கம்பியில் நாம் போடும் இணைப்புக்கு அது பொறுப்பேற்காது.

முதல் வழி வயர்லெஸ். கம்பி இழுக்க வேண்டாம் என்பதால் இதுவே சுலபம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கேமராவுக்கும் அதன் டிரான்ஸ்மிட்டருக்கும் மின்சாரம் பின்விளக்கிலிருந்து வந்தாக வேண்டும், ஆகவே உப்பு படும் இடத்தில் இணைப்புகள் குறைவதற்குப் பதில் கூடுகின்றன. மலிவான அனலாக் வகை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைஃபையோடு இடம் பகிர்வதால், ராமேஸ்வரத்தில் விடுதிகள் நெருங்கிய தெருக்களில் படம் புள்ளி புள்ளியாகச் சிதறும். டிஜிட்டல் வகை இதைப் பெரிதும் சமாளிக்கிறது. இருந்தாலும் படம் வராதபோது குறை மின்சாரத்திலா, டிரான்ஸ்மிட்டரிலா, அலையிலா என்று பிரித்தறிய நடுவில் தொட்டுப் பார்க்க ஏதுமில்லை என்பதே என் பெரிய புகார்.

இரண்டாவது வழி எல்லோரும் செய்வது: வீடியோ கேபிளை முன்னே இழுத்து, மின்சாரத்தை ரிவர்ஸ் பல்பின் கம்பியிலிருந்து எடுப்பது. இதில் வரும் பழுதுகள் பெரும்பாலும் அடையாளத்தோடு வருகின்றன. ரிவர்ஸ் கியர் போட்டதும் மானிட்டர் நீலத் திரையோடு நின்றால், பல மானிட்டர்களில் அதன் பொருள் ரிவர்ஸ் கியர் விழுந்ததை மானிட்டருக்குச் சொல்லும் சைகைக் கம்பி நன்றாக இருக்கிறது, படம் மட்டும் வந்து சேரவில்லை என்பது. மானிட்டர் அசையவே இல்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சைகைக் கம்பி. இண்டிகேட்டர் மினுங்கும்போதெல்லாம் படமும் மினுங்கினால் பின்விளக்குக்கும் கேமராவுக்கும் பொதுவான எர்த் துருப்பிடித்திருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். எஞ்சின் ஓடும்போது மட்டும் திரையில் கோடுகள் அலைந்தால், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் மின் இரைச்சல் மோசமான எர்த் வழியாகக் கலக்கிறது.

இங்கேதான் மல்டிமீட்டர் நம்மை ஏமாற்றும். கேமராவைக் கழற்றிவிட்டு அளந்தால் களிம்பேறிய இணைப்பும் 12 வோல்ட் காட்டும், ஏனெனில் மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு. சுமை ஏறியதும்தான் அழுத்தம் சரியும். அதனால் கேமரா மாட்டும் இடத்தில் 5 வாட் பல்பு ஒன்றைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. பல்பு மங்கலாக எரிந்தால் கேமராவில் குற்றமில்லை. கேமரா இயங்கும் நிலையில் அதன் கறுப்புக் கம்பிக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே அளந்தால் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் மறுபடி முடுக்குங்கள். இத்தனைக்கும் பிறகு சந்தேகம் தீராவிட்டால் கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் போய், ஃப்யூஸ் உள்ள கம்பியால் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்து, குட்டைக் கேபிளில் மானிட்டரோடு சேர்த்துப் பார்க்கலாம். படம் தெரிந்தால் குறை இடைப்பட்ட கம்பியில். அதிலும் பின்கதவு திறந்து மூடும் இடத்து ரப்பர் குழாய்க்குள்தான் கம்பி அடிக்கடி முறிகிறது.

மூன்றாவது வழியில் கேமராவுக்கான மின்சாரமும் முன்னாலிருந்தே போகிறது: சாவி திருப்பினால் உயிர் பெறும் ஃப்யூஸ் ஒன்றிலிருந்து எடுத்து, வீடியோ கேபிளோடு சேர்ந்த சிவப்புக் கம்பி வழியாகப் பின்னே அனுப்புவது. எர்த்தும் முன்னாலேயே. பின்னே எஞ்சுவது டிக்கிக்குள் காய்ந்த இடத்தில் ஒரு பிளக், கூடவே சைகைக்காக ரிவர்ஸ் பல்பிலிருந்து ஒரே கம்பி. டேஷ்போர்டுக்குள் ரிவர்ஸ் கம்பி கிடைக்கும் வண்டியில் அதுவும் வேண்டாம். பயணம் முழுவதும் கேமரா எரிந்துகொண்டே இருப்பது இதன் குறை. வேலையும் இரண்டாவது வழியைவிட அரை நாள் கூடுதல். ஆயினும் என் காருக்கு நான் வைத்துக்கொண்டது இதைத்தான். இரண்டு வாடைக்காலம் தொந்தரவில்லாமல் கழிந்திருக்கிறது.

எந்த வழியானாலும் இணைப்பை ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூடேற்றினால் சுருங்கி இறுகும், உள்ளே பசை தடவிய ஷ்ரிங்க் ஸ்லீவால் மூடுவதே இங்கே செல்லும். கம்பியின் தோலைக் கீறிக் கவ்வும் கிளிப்புகளை இந்தக் கரையில் நான் பயன்படுத்துவதே இல்லை. புதுக் கேமரா வாங்குவோர் மானிட்டர் ஏஹெச்டி எனும் உயர் தெளிவு வகையை ஏற்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தெளிவு குறைந்த வீடியோவை மட்டும் ஏற்கும் பழைய சிவிபிஎஸ் மானிட்டரில் அது படமே தராது, நீங்களோ ஒரு நாள் முழுக்கக் கம்பியைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள்.

மாமாவின் மீன் லோடு வண்டிக்கு இந்தக் கணக்கு முழுதும் பொருந்தவில்லை. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் நாள்தோறும் பின்கதவு வழியே நம்பர் பிளேட்டில் வடியும் வண்டியில் எந்தப் பிளக்கும் நிலைக்காது. ஒரே முறை கெட்டது என்று சொன்ன கேமராவும் அங்கேதான், லென்ஸுக்குள் தண்ணீர் ஏறிக் கெட்டது. அங்கே மூன்றாவது வழியையே வைத்துக்கொண்டு, கேமராவையும் பிளக்கையும் பாடியின் மேல் சட்டத்துக்கு ஏற்றினோம். படம் சற்று உயரத்திலிருந்து தெரிகிறது, தண்ணீர் அதற்குக் கீழேயே வடிந்து போகிறது.