கல்யாணத்துக்குப் பின்: யார் பெயர், எந்தக் கணக்கு

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பேச்சில் ‘பேர்’ என்பது ஒரு நாள் கூலியையும் குறிக்கும். கொழுந்தின் நிறை குறைந்த நாளில் ‘அரைப் பேர்’ மட்டுமே விழும். திருமணமான பெண் தன் பெயரை என்ன செய்வது, தன் கூலியை என்ன செய்வது என்ற இரண்டு கேள்விகளையும் அதனால்தானோ என்னவோ என்னால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

நம்மிடையே தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் பெரும்பாலும் கிடையாது. முன்னால் நிற்பது தந்தையின் பெயரே. ஆகவே பெயர் மாற்றம் என்பது இங்கே தந்தையின் முதலெழுத்தை எடுத்துவிட்டுக் கணவரின் முதலெழுத்தை வைப்பதுதான். இலங்கைச் சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. விரும்புகிறவர் திருமணச் சான்றிதழைக் காட்டி அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் மாற்றிக்கொள்ளலாம். அப்போது கணவன், மனைவி, பிள்ளைகளின் ஆவணங்கள் ஒன்றுபோல் இருப்பது பயணத்துக்கும் பாடசாலை அனுமதிக்கும் வசதிதான்.

ஆனால் பிறப்புச் சான்றிதழும் சாதாரண தரச் சான்றிதழும் பழைய பெயரிலேயே கிடக்கும். பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே பெண் ஓர் ஆவணத்தில் ‘செல்லம்மா’வாகவும் இன்னொன்றில் ‘செலமா’வாகவும் இருக்கும் நம் ஊரில், வேறொரு முதலெழுத்தையும் சேர்ப்பது கிராம அலுவலரிடமும் சமாதான நீதவானிடமும் சத்தியக் கடதாசிக்காக அலைவதற்கு இன்னொரு காரணம் தேடிக்கொள்வதாகும். எனவே தந்தையின் எழுத்தை அப்படியே வைத்திருப்பதே மேல் என்பது என் முடிவு.

பணத்திலோ வழிகள் மூன்று. மனைவியின் சம்பளத்தையும் கணவரே வாங்கும் பழைய வழக்கத்தை ஒரு தெரிவாகவே நான் எண்ணவில்லை; தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் கிடைத்ததே 1984இல்தான் என்றிருக்க, அதை வாங்கும் கையும் அவளுடையதாக வேண்டாமா? கூட்டுக் கணக்கு வீட்டுச் செலவுக்கு ஏற்றது. ஆனால் இருவரில் எவரும் எடுக்கலாமா, இருவரும் கையொப்பமிட வேண்டுமா என்பதைக் கணக்குத் திறக்கும்போதே தீர்மானிக்க வேண்டும்: முன்னையதில் ஒருவர் முழுவதையும் வழித்தெடுக்கலாம், பின்னையதில் ஒருவர் கொழும்பில் வேலை செய்தால் மற்றவர் அவசரத்துக்குக்கூடப் பணம் எடுக்க முடியாது.

தனிக் கணக்குக்குச் சட்டமே துணை நிற்கிறது. 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டப்படி மனைவியின் உழைப்பும் சொத்தும் அவளுக்கே உரியவை. ஆனால் கணக்கு அவள் பெயரில் இருந்து, ஏ.டி.எம். அட்டை கணவரின் சட்டைப் பையில் இருந்தால் அது தனிக் கணக்கு ஆகாது.

இவற்றைவிடப் பெரிய சேமிப்பு ஊழியர் சேமலாப நிதி. தொழிலாளியின் 8 வீதமும் தொழில் வழங்குநரின் 12 வீதமும் மாதந்தோறும் சேரும் அந்த நிதியைப் பெண்கள் வழமையாக 50 வயதில் பெறுவர். திருமணத்துக்காக வேலையை விடும் பெண் முன்னதாகவே எடுக்கலாம் என்ற விதி சலுகைபோல் தோன்றினாலும், அவளுடைய பல வருட உழைப்பைத் திருமண மண்டபத்திலும் நகைக்கடையிலும் கரைத்துவிடும் வழியாகவே அதை நான் காண்கிறேன். வேலையைத் தொடர்ந்து, தொகையைத் தொடாமல் விடுவது நல்லது. சம்பளம் தன் கணக்குக்கு வர, அதில் ஒரு பங்கை மட்டும் கூட்டுக் கணக்குக்கு மாற்றினால் வீடும் நடக்கும்.

தேசவழமைப்படி மனைவி தன் காணியை விற்கக் கணவரின் எழுத்துமூல சம்மதம் வேண்டும் என்று கேள்விப்பட்டு இங்கே பலர் குழம்புகிறார்கள். அது யாழ்ப்பாணத் தமிழருக்கான சட்டம், மலையகத் தமிழருக்குப் பொருந்தாது. ஆனால் அச்சட்டத்துக்கு உட்பட்ட ஒருவரை மணக்கும் மலையகப் பெண், அந்தத் திருமணம் நீடிக்கும்வரை தானும் அதற்கு உட்படுகிறாள் என்பதால், காணி வைத்திருப்பவர் திருமணப் பதிவுக்கு முன்னரே ஒரு சட்டத்தரணியைக் கண்டுவிட வேண்டும்.