ஸ்னோ டயரா, ஆல் வெதரா, இருப்பதே போதுமா?

ஸ்னோ டயர் என்ற பெயர்தான் முதல் குழப்பம். பனி கொட்டும் நாளுக்கு மட்டும் தேவைப்படும் பொருள் என்று பெயரே நம்ப வைத்துவிடுகிறது. பனியே விழாத, உலர்ந்த, கடுங்குளிரான காலையிலும் அந்த டயருக்கு வேலை இருக்கிறது. வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க இறங்க, கோடை டயரின் ரப்பர் விறைத்துக்கொண்டே போகும். எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கப்படும் ஆல் சீசன் டயரும் மெதுவாக அதே வழியில் போகும். விறைத்த ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்காது. ஸ்னோ டயர், அதாவது விண்டர் டயரின் ரப்பர் கலவை குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டது. 7 டிகிரியை ஒரு சுவிட்சு போல எடுத்துக்கொள்ள வேண்டாம். அது தோராயமான எல்லை. 5 டிகிரியில் நல்ல ஆல் சீசன் டயர் ஒன்றும் மோசம் போகாது. மைனஸ் 10-இல் கதை வேறு.

பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது?

டயரின் பக்கவாட்டில் இரண்டு குறிகளைத் தேடுங்கள். 'எம்+எஸ்' என்றால் சேறும் பனியும் என்று பொருள். பள்ளங்களின் வடிவத்தை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் குறி இது. பனியில் ஓட்டிப் பார்த்து வாங்கும் தகுதி கிடையாது. ஆல் சீசன் டயர்களில் பரவலாக இருப்பது இதுதான். இன்னொன்று, மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் படம். அழுத்தப்பட்ட பனியில் சோதித்து, ஒப்பீட்டுக்கென வைத்த டயரைவிடக் குறைந்தது 10 சதவீதமாவது கூடுதல் பிடி காட்டினால்தான் இது கிடைக்கும்.

இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சோதனை பனியில் நடப்பது, பனிக்கட்டியில் நடப்பதில்லை. வளைவில் எப்படி நிற்கும் என்பதையும் அது சொல்லாது. மலைச் சின்னம் பெற்று, வருடம் முழுவதும் கழற்றாமல் ஓட்டும் ஆல் வெதர் டயரும், அதே சின்னம் பெற்ற அசல் விண்டர் டயரும் கடையில் சமம்போலத் தெரியும். சறுக்கும் சந்திப்பில் சமமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே முதல் டயர் லேபிளில் பனிக்கட்டிப் பிடிக்கென்று தனிச் சின்னம் வந்திருக்கிறது. லேபிள் கிடைக்கும் இடத்தில் அதையும் பாருங்கள்.

சட்டமும் இந்தச் சின்னத்தின் பக்கம்தான் சாய்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல், குளிர்காலச் சாலை நிலைமைக்கு வெறும் எம்+எஸ் செல்லாது. மலைச் சின்னம் வேண்டும். இரண்டு இடத்திலும் சின்னமுள்ள ஆல் வெதர் டயர் சட்டத்துக்குப் போதும். சாலைக்குப் போதுமா என்பதுதான் நம் கேள்வி.

நிற்கும் தூரம்

கிளம்புவதும் ஏறுவதும் பெரிய விஷயமில்லை. நிற்பதை வைத்தே டயரை எடைபோட வேண்டும். ஒரு சின்னக் கணக்கு: 50 கி.மீ. வேகத்தில் வரும் கார், டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வு எண் 0.3 என்றால் பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 33 மீட்டரில் நிற்கும். அதே எண் 0.2 ஆனால் 49 மீட்டர். பதினாறு மீட்டர்தானே என்று தோன்றலாம். முதல் கார் நின்றுவிட்ட அந்த 33-வது மீட்டரில் இரண்டாவது கார் இன்னும் 29 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். இந்த எண்கள் எந்த பிராண்டின் சோதனை முடிவும் அல்ல, வெறும் பள்ளிக்கூட இயற்பியல். உராய்வில் சிறிய வித்தியாசம் எவ்வளவு பெரிதாக வெளிப்படும் என்பதற்காகச் சொன்னது.

ஆல் வீல் டிரைவ் இருக்கிறதே என்பவர்களுக்கும் இதே பதில்தான். நான்கு சக்கரமும் சேர்ந்து தள்ளினால் கார் நன்றாகக் கிளம்பும். பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. அங்கே ஆல் வீல் டிரைவுக்கு ஒரு சலுகையும் இல்லை. சொல்லப்போனால் அது ஆபத்தான தைரியத்தைத் தரும்: கிளம்பும்போது சறுக்காததால் சாலை நன்றாக இருப்பதாக ஓட்டுநர் நினைத்துவிடுகிறார். பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் அப்படித்தான். இருக்கும் பிடியைச் சிதறாமல் பயன்படுத்தும். இல்லாத பிடியை உண்டாக்காது.

ஆல் வெதர் எதிர் விண்டர்

ஆல் சீசனை இந்தப் போட்டியிலிருந்து சீக்கிரமே அனுப்பிவிடலாம். குளிர்காலத்திலும் வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்யத்துக்கு மேலேயே இருந்து, ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் மட்டும் பனி விழுந்து, அந்த நாட்களில் காரை எடுக்காமல் இருக்கவும் முடியுமானால் அது போதும். மற்றவர்களுக்கு உண்மையான தேர்வு ஆல் வெதருக்கும் விண்டருக்கும் இடையில்தான்.

ஆல் வெதரின் பலம், மாற்ற வேண்டியதில்லை என்பது. வருடம் முழுவதும் ஒரே செட். அடுக்கி வைக்க இடம் தேட வேண்டாம். விழுந்த பனியை நகராட்சி வண்டிகள் சில மணி நேரத்தில் வழித்துவிடும் நகரச் சாலைகளில், ஈரமும் கசகசத்த பனிக்குழம்பும்தான் பெரும்பாலான நாட்களின் நிலை. அங்கே ஆல் வெதர் கௌரவமாகவே வேலை செய்யும். அதன் பலவீனம் பனிக்கட்டி. கோடை வெயிலில் தேய்ந்து கரையாமல் இருக்க வேண்டும் என்பதால் அதன் ரப்பரை விண்டர் டயர் அளவுக்கு இளக்க முடியாது. டயர் கட்டையில் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகளும் அதில் குறைவு.

அந்த வெட்டுகள் அலங்காரமல்ல. பனியில் அவற்றின் விளிம்புகள் கடித்துப் பிடிக்கும். பள்ளங்களுக்குள் பனி அடைந்துகொள்ளும். பனி பனியோடு நன்றாக ஒட்டும் என்பதால் அடைந்த பனியே பிடியைக் கூட்டுகிறது. பனிக்கட்டியின் மேல் எதிரி வேறு: டயருக்கும் கட்டிக்கும் நடுவே நிற்கும் மெல்லிய நீர்ப்படலம். பூஜ்யத்துக்கு அருகில் இருக்கும் பனிக்கட்டிதான் மிக வழுக்கலானது. மைனஸ் 20-இல் அது ஓரளவு வறண்டு பிடி கொடுக்கும். கடுங்குளிர் நாளைவிட, பகலில் உருகி இரவில் உறையும் இடைப்பட்ட நாட்களே அதிகம் ஏமாற்றும். வீட்டு வழி சரிவாக இருப்பவர், கிராமத்துச் சாலையில் விடியற்காலையில் போகிறவர், 'இன்று வரமுடியாது' என்று சொல்ல முடியாத வேலையில் இருப்பவர் விண்டர் டயரையே வாங்கட்டும் என்பது என் தீர்ப்பு.

விண்டர் டயரிலும் இரண்டு சாதி. வட ஐரோப்பிய வகை மிக இளக்கம், பனிக்கட்டிக்காகவே பிறந்தது. வேகக் குறி பெரும்பாலும் கியூ (160 கி.மீ.), டி (190) போன்றவையாக இருக்கும். மத்திய ஐரோப்பிய வகை சற்று இறுக்கம். ஈரமான நெடுஞ்சாலையில் உறுதி. எச் (210) அல்லது அதற்கு மேல். மழையும் 5 டிகிரியும்தான் உங்கள் குளிர்காலம் என்றால் முதல் வகை ஈரத்தில் துவண்டு, நிற்கும் தூரத்தைக் கூட்டிவிடும். மாதக்கணக்கில் வெள்ளையாகக் கிடக்கும் சாலை என்றால் இரண்டாவது வகையின் உறுதியால் பயன் குறைவு.

சிறு உலோக ஆணிகள் பதித்த ஆணி டயர், நீர்ப்படலம் மின்னும் பனிக்கட்டியில் எல்லாவற்றையும் முந்தும். வெறும் தாரில் சத்தம் போடும், சாலையை அரிக்கும். அதனால் பல இடங்களில் தடை அல்லது மாதக் கட்டுப்பாடு உண்டு. ஓடித் தேய்ந்த டயரில் ஆணி அடிக்கக் கூடாது, நிற்காது. டயரைச் சுற்றிக் கட்டும் சங்கிலியோ மலைப்பாதைக்கான கருவி: இழுக்கும் சக்கரங்களில், பனி மூடிய தரையில் மட்டும், பொதுவாக 50 கி.மீ. வேகத்துக்குள். வீட்டிலேயே ஒருமுறை மாட்டிப் பழகாமல் பயணம் கிளம்பினால் இருட்டில், ஈரக் கையுறையோடு அதைக் கற்றுக்கொள்ள நேரும்.

செலவுக் கணக்கு

விண்டர் டயர் ஓடும் மாதங்களில் மற்ற செட் ஓய்வெடுக்கிறது. ஆண்டுக்கு 18,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள், அதில் 7,000 குளிர்காலத்தில் என்று வைப்போம். 60,000 கி.மீ. தாங்கும் ஒரு செட் தனியாக ஓடினால் மூன்று வருடம் நான்கு மாதத்தில் தீரும். கோடையில் மட்டும் ஓடினால் ஐந்தரை வருடம் வரும். டயருக்குப் போட்ட பணத்தில் பெரும்பகுதி இப்படித் திரும்பிவிடுகிறது. திரும்பாதவை ரிம், காற்றழுத்த சென்சார், மாற்றும் கூலி.

ஆண்டுக்கு 6,000 கி.மீ.தான் ஓட்டுகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு கவிழும். இரண்டு செட்டும் தேய்வதற்குள் வயதாகி இறுகிவிடும். குறைவாக ஓட்டும் நகரவாசிக்கு ஆல் வெதர் பொருந்துவது இதனால்தான்.

செலவைப் பாதியாக்க இரண்டு டயர் மட்டும் வாங்கும் யோசனை வேண்டாம். முன்னால் மட்டும் போட்டால், பிரேக் பிடித்து வளைக்கும்போது பின்பக்கம் பிடிவிட்டுக் கார் சுழலும். பின்னால் மட்டும் போட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே போகும். நான்கு, அல்லது ஒன்றுமே வேண்டாம்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

தனி ரிம் வாங்குவதானால் ஒரு அங்குலம் சிறியதாக எடுப்பது நல்லது. 225/45 ஆர்17 (மி.மீ. அகலம், பக்கச்சுவர் உயர விகிதம், ரிம் அங்குலம்) ஓடும் காரில், கையேடு அனுமதித்தால், 205/55 ஆர்16 போடலாம். மொத்த விட்டத்தில் அரை சதவீதம்கூட வித்தியாசம் வராது. ஒடுங்கிய டயர் பனிக்குழம்பைப் பிளந்து தரையைத் தொடும். உயரமான பக்கச்சுவர் குழிகளைத் தாங்கும். முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் அந்த ரிம்முக்குள் அடங்குகிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். டயர் தாங்கும் எடையைக் காட்டும் சுமைக் குறியீடு காருக்குரியதைவிடக் குறையக் கூடாது; கனமான மின்சாரக் கார்களில் இது மிக முக்கியம். ஸ்டீல் ரிம்முக்கும் அலாய் ரிம்முக்கும் நட்டு உட்காரும் வடிவம் வேறாக இருக்கலாம். பழைய நட்டையே போட்டு இறுக்கினால் கொஞ்ச தூரத்தில் தளரும்.

பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கம் தயாரிப்பு வாரமும் ஆண்டும்: 3524 என்றால் 2024-இன் 35-வது வாரம். சுழற்சி அம்பு இருந்தால் முன்னோக்கி உருளும் திசையில் இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் பனிக்குழம்பை வெளித்தள்ளும் வேலை கெடும்.

சக்கரம் உட்காரும் இடத்துத் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, நட்டுகளை நட்சத்திர வரிசையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பல சிறு கார்களுக்கு 100 முதல் 140 நியூட்டன் மீட்டர்; உங்கள் காருக்கான எண் கையேட்டில் இருக்கும். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் மறுபடி சரிபாருங்கள். இந்த இரண்டாவது சோதனையைத் தவறவிட்டால், மாற்றிய பிறகு சக்கரம் கழலும் ஆபத்து உண்டு.

காற்று: 5 அல்லது 6 டிகிரி குறைந்தால் சுமார் 1 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) குறையும். 20 டிகிரி கராஜில் 35 பி.எஸ்.ஐ. அடைத்த டயர், வெளியே மைனஸ் 15-இல் 29-க்கு வந்துவிடும். வண்டி ஓடும் முன், வெளிக்குளிரிலேயே அளந்து அடையுங்கள். பனியில் பிடி கூடட்டும் என்று காற்றை இறக்கிவிடும் பழக்கத்தைச் சாலைக்குக் கொண்டுவர வேண்டாம். பனி பெய்த மறுநாள் ஸ்டியரிங் அதிர்ந்தால் பாலன்ஸுக்கு ஓடும் முன் ரிம்மின் உட்புறம் பாருங்கள். அங்கே உறைந்து ஒட்டிய பனியே காரணமாக இருக்கலாம்.

வசந்தத்தில் கழற்றும்போது எந்தச் சக்கரம் எங்கிருந்தது என்று சாக்பீஸில் எழுதி, இருட்டான, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வையுங்கள். ரிம்மோடு இருந்தால் அடுக்கலாம் அல்லது தொங்கவிடலாம். வெறும் டயரை நிறுத்தி வைத்து அவ்வப்போது உருட்டிவிட வேண்டும். கோடையிலும் விண்டர் டயரையே ஓட்டினால் வெப்பத்தில் வேகமாகத் தேயும், பிரேக் தூரமும் கூடும்.

அடுக்கும் முன் பள்ள ஆழத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புதிதில் 8 முதல் 9 மி.மீ. இருக்கும். பல நாடுகளின் பொதுச் சட்ட எல்லை 1.6 மி.மீ.தான் என்றாலும், 4-க்குக் கீழே போனதும் பனிப்பிடி போய்விட்டது. 5-ஐ நெருங்கிய செட்டுக்கு மாற்று இலையுதிர் காலத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள். முதல் பனி விழுந்த வாரத்தில் உங்கள் அளவு கடையில் இருக்காது, மாட்டித் தரும் இடத்திலும் வரிசை நீளும்.