கத்தரி, மிளகாய்க் கன்றுகளுக்கு ஷொப் லைட்: பல வருடப் பாவனைக்குப் பிறகு

வீட்டுக்குள் விதை போட்டுக் கன்று எடுக்க "குரோ லைட்" என்று பெயர் போட்டு விற்கும் விலை கூடிய விளக்கு தேவையில்லை. கராஜில் மாட்டுகிற நாலு அடி எல்.ஈ.டி ஷொப் லைட் போதும். கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் பல வருடமாக அதைத்தான் கொளுவி வைத்திருக்கிறேன். கத்தரி, பச்சைமிளகாய், தக்காளி, பிறகு ஏப்ரல் கடைசியில் பாகல், புடோல் எல்லாம் அதன் கீழேதான் வளர்ந்து தோட்டத்துக்குப் போகின்றன. யாராவது கேட்டால் இதைத்தான் வாங்கச் சொல்கிறேன், ஆனால் அதைக் கொளுவும் விதத்தில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

முதலில், இந்த ஊரில் ஏன் விளக்கு தேவைப்படுகிறது என்று சொல்லிவிடுகிறேன். ரொறொன்ரோவில் மே நடுப்பகுதி வரைக்கும் இரவில் உறைபனி வரலாம், அதனால்தான் எல்லாரும் மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா டே லோங் வீக்கென்ட் வரை பொறுத்து நடுகிறார்கள். கத்தரியும் மிளகாயும் மெதுவாக வளர்பவை, நடுவதற்கு எட்டிலிருந்து பத்து வாரம் முன்பே விதை போட்டால்தான் கோடை முடிவதற்குள் ஒழுங்காகக் காய்க்கும். அப்படியென்றால் மார்ச் மாதத்தில் போட வேண்டும், வெளியில் அப்போது பனி கிடக்கும். மே மாதத்தில் நாற்றுக் கடைக்குப் போய் வாங்கலாம்தான், ஆனால் பெரும்பாலும் அங்கே கிடைப்பது குடைமிளகாயும் அந்தக் கறுத்தக் குண்டுக் கத்தரியும். நமக்கு வேண்டிய நீளப் பச்சைக் கத்தரி, ஊரிலிருந்து கைமாறிக் கைமாறி வந்த மிளகாய் விதை, இவற்றுக்குக் கன்று வேண்டுமென்றால் நாமேதான் எடுக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்த வேலை முழுவதும் அந்த விதைகளுக்காகத்தான்.

யன்னலோரம் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். தெற்குப் பார்த்த பெரிய யன்னல் இருந்தால் தக்காளி ஓரளவுக்கு வரும். ஆனால் மார்ச் மாதத்தில் நாள்கணக்கில் மேகம் மூடிக்கிடக்கும், வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதான் வரும், இரவில் கண்ணாடியோரம் குளிரும். கன்று வெளிச்சத்தைத் தேடி நூல்போல நீண்டு சாய்ந்துவிடும். அப்படி நீண்ட தக்காளியை ஆழமாக நட்டுச் சமாளிக்கலாம், தண்டிலேயே வேர் விடும். கத்தரி, மிளகாயில் அந்த வசதி அவ்வளவு இல்லை.

சரி, விளக்குக்கு வருகிறேன். நான் பாவிப்பது ஒவ்வொன்றும் சுமார் 40 வாட், 4,000 லூமனுக்கு மேல், பெட்டியில் 5000 கெல்வின் அல்லது டேலைட் என்று போட்டிருக்கும் (லூமன் வெளிச்சத்தின் அளவு, கெல்வின் அதன் நிறம்). மஞ்சள் வெளிச்சத்தைவிட இதில் நீலம் கூட, கன்று கட்டையாக வளர அது உதவும். 4000 கெல்வின் கிடைத்தாலும் பயப்படாமல் வாங்குங்கள், வித்தியாசம் பெரிதில்லை. ஒன்று 35 டொலருக்குள் கிடைத்தது. இரண்டு விளக்கை அருகருகே ஓரடிக்குள் இடைவெளி விட்டுக் கொளுவினால், பத்து அங்குலத்துக்கு இருபது அங்குல ட்ரே நாலைக் குறுக்காக அடுக்கலாம். அதுவே ஒரு சாதாரணத் தோட்டத்துக்கும், சொந்தக்காரருக்குக் கொடுப்பதற்கும் தாராளம்.

ஊதா வெளிச்சம் தரும் மலிவு விளக்குகளையும் ஷொப் லைட்டுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரே விதையைப் போட்டு வளர்த்துப் பார்த்தேன். பெட்டியில் 1000 வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்தது, மின்சாரம் அளக்கும் மீட்டரில் செருகினால் நூறைக்கூடத் தொடவில்லை. வாங்கும்போது "எத்தனை வாட்டுக்குச் சமம்" என்ற எண்ணை விட்டுவிட்டு உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்ற எண்ணைத் தேடுங்கள். கன்று அதிலும் வளர்ந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நிறத்தில் இலை பச்சையா மஞ்சளா என்று தெரியாது, பூச்சி இருந்தாலும் கண்ணில் படாது. தினமும் போய்க் கன்றைப் பார்ப்பதுதான் வேலையே, அதைப் பார்க்கவிடாத விளக்கு எனக்கு வேண்டாம். இலை சிவப்பையும் நீலத்தையும் மட்டும்தான் எடுக்கும் என்பதும் பாதிக் கதை, பச்சை ஒளியையும் அது பயன்படுத்தும். வெள்ளை எல்.ஈ.டியில் எல்லாமே கலந்து இருக்கிறது.

இனி உயரம். காசைவிட இதுதான் முக்கியம், ஆட்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். இந்த விளக்கு கன்றின் நுனியிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். கூரையில் பூட்டிவிட்டு நிலத்தில் ட்ரேயை வைத்தால், அறை நமக்கு நல்ல வெளிச்சமாகத் தெரியும், கன்றுக்கு அது இருட்டுத்தான். கிட்டத்தில் வைத்த நீட்டு விளக்கில், தூரத்தை இரட்டிப்பாக்கினால் ஏறக்குறையப் பாதி வெளிச்சம் போய்விடும். அதனால் இரண்டு பக்கமும் சங்கிலியும் கொக்கியும் போட்டு, கன்று வளர வளர ஒவ்வொரு கண்ணியாக மேலே தூக்குகிறேன். கம்பி இறாக்கை ஒன்று வாங்கினால் சுவரில் துளை போடாமலே கொளுவலாம். டியூபின் இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் குறைவு என்பதால் சில நாளுக்கு ஒருமுறை ட்ரேக்களை இடம் மாற்றுங்கள். டொலர் கடையில் விற்கும் வெள்ளை ஃபோம் போர்டைச் சுற்றி நிறுத்தினால், பக்கத்தால் வீணாகப் போகும் வெளிச்சம் திரும்பி வரும்.

போனில் லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) அளக்கும் செயலி போட்டுப் பார்க்கலாம். எண் அச்சொட்டாக இருக்காது, ஒப்பிட்டுப் பார்க்க உதவும். இலை மட்டத்தில் 10,000 லக்ஸுக்கு மேல் காட்டினால், 16 மணிநேரம் எரிய விட்டால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் அது காணும்.

எல்.ஈ.டியில் ஒரு குறையும் இருக்கிறது. பழைய டியூப்லைட் காலத்தில் விளக்குச் சூட்டிலேயே ட்ரே கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். எல்.ஈ.டி அவ்வளவு சூடு தராது. குளிர்காலத்து பேஸ்மென்ட் 18 பாகை செல்சியஸுக்குக் கிட்ட நிற்கும், மிளகாய் விதை நன்றாக முளைக்க மண்ணில் 25 முதல் 30 பாகை வேண்டும். குளிர்ந்த மண்ணில் அது வாரக்கணக்கில் கிடக்கும், சிலது அழுகியும் போகும். அதனால் விளக்கில் மிச்சம் பிடித்த காசில் ட்ரேக்கு அடியில் வைத்துச் சூடாக்கும் ஹீட் மேட் ஒன்று வாங்குங்கள், ஒரு ட்ரேயளவு மேட் 20 வாட்டுக்குப் பக்கத்தில்தான் இழுக்கும். இரண்டாவது விளக்கா, மேட்டா என்று கேட்டால், மிளகாய் போடுபவர்களுக்கு மேட் என்றுதான் சொல்வேன். முளை வெளியே வந்ததும் ட்ரேயை மேட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும், சூடு தொடர்ந்தால் தண்டு மெலிந்து நீளும். ஈரம் காக்க ட்ரேக்கு மேலே மூடி போட்டிருந்தால் அதையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

தண்ணியைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. கீழ் ட்ரேயில் ஊற்றி மண் உறிஞ்ச விடுங்கள், அரை மணிநேரத்தில் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள், ஒரு சின்ன ஃபானை மெல்லமாக ஓட விடுங்கள். தண்டு அடியில் அழுகிக் கன்று சரிந்து விழுவதற்குப் பூஞ்சணம்தான் காரணம், ஈரமும் காற்றோட்டமில்லாததும் அதற்கு வசதி.

டைமர் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். பத்துப் பதினைந்து டொலர் டைமர் போதும். என் விளக்குகள் மாலை 7 மணிக்குப் பற்றி அடுத்த நாள் காலை 11 மணிக்கு அணையும். பேஸ்மென்டில் இருக்கும் கன்றுக்குப் பகலும் இரவும் ஒன்றுதான், எட்டு மணிநேரம் இருட்டு கிடைத்தால் சரி. ஒன்ராறியோவில் நேரத்துக்கு நேரம் மின்சார விலை மாறும் வழக்கமான திட்டத்தில் இருப்பவர்களுக்கு மாலை 7 முதல் காலை 7 வரை மலிவு, அதனால்தான் இந்தக் கணக்கு. ஹைட்ரோ பில் (மின்கட்டணம்) ஏறும் என்று பயப்படத் தேவையில்லை. இரண்டு விளக்கும் சேர்ந்து 80 வாட், 16 மணிநேரத்துக்கு 1.28 யூனிட், ஒன்பது வாரத்துக்கு 80 யூனிட் வரும். யூனிட் 15 சென்ட் என்று போட்டாலும் 12 டொலர். மே மாதத்தில் நாலைந்து கன்று வாங்கினாலே அந்தக் காசு போய்விடும்.

உழைப்பு எப்படி? எல்.ஈ.டி 50,000 மணிநேரம் என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள், விதைப் பருவத்தில் மட்டும் எரித்தால் வருடத்துக்கு ஆயிரம் மணிநேரம் அளவில்தான் வரும். ஆனால் முதலில் பழுதாவது எல்.ஈ.டி இல்லை, உள்ளே மின்சாரத்தை எல்.ஈ.டிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் டிரைவர் என்ற பகுதிதான். என்னுடைய ஒரு விளக்கு சில வருடத்தில் சிமிட்டத் தொடங்கியது, அதைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டினேன். இழுத்து அணைக்கும் கயிறும் உடைந்தது, டைமர் இருப்பதால் அதைத் திருத்தவில்லை. வாங்கும்போது சி.எஸ்.ஏ (CSA) அல்லது சி.யூ.எல் (cUL) போன்ற அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், ஒன்ராறியோவில் விற்கும் மின்பொருளுக்கு அது கட்டாயம். இணையத்தில் வரும் மிக மலிவுச் சாமான்கள் சிலவற்றில் அது இருப்பதில்லை. தண்ணிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க எரியும் பொருளில் நான் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன். வயரைப் பிளக்குக்குக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், நீர் வழிந்தால் நிலத்தில் சொட்டும், பிளக்குக்குள் போகாது.

விளக்கில் வளர்ந்த கன்றை நேரே வெயிலில் வைக்கக்கூடாது. மதிய வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும், விளக்கின் கீழ் அது கண்டது அதில் ஒரு சிறு பங்குதான். முதல் நாள் நிழலில் ஒரு மணிநேரம், பிறகு நாளுக்கு நாள் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுபோங்கள். அவசரப்பட்டால் இலை வெள்ளை வெள்ளையாக வெந்துவிடும். பாகல், புடோல் கன்றுகளை மூன்று நாலு வாரத்துக்கு மேல் உள்ளே வைத்திருக்கவும் வேண்டாம். கொடி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் பிரிப்பது கஷ்டம், வேரும் குழப்பப்படுவதை விரும்பாது.

கோடையில் விளக்குகள் சும்மா கிடக்கும். ஒக்டோபரில் கறிவேப்பிலைச் சாடி உள்ளே வரும்போது திரும்பவும் வேலை தொடங்கும். யன்னலோரம் வைத்த காலத்தில் தை, மாசியில் இலை முழுக்கக் கொட்டி வெறும் தடியாக நிற்கும். இப்போது ஒரு விளக்கைச் சாடிக்குப் பக்கவாட்டில் நிமிர்த்திக் கட்டிவிடுகிறேன், கொஞ்சம் இலை கொட்டினாலும் குளிர்காலம் முழுக்கக் கறிக்குக் கிள்ள இருக்கிறது. பக்கத்துத் தெரு அண்ணை ஒருவர் இதைப் பார்த்துவிட்டுத் தன் மரத்துக்கும் அப்படியே கட்டியிருக்கிறார். அவருடையது பெரிய மரம், ஒரு விளக்கு அதற்குக் காணாது, எதிர்ப்பக்கமும் ஒன்று கட்டச் சொல்லியிருக்கிறேன்.

கொண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) இருப்பவர்களுக்கு நாலு அடி நீளம் பெரிது. இரண்டு அடி விளக்கும் இருக்கிறது, 20 வாட் அளவில். இறாக்கைத் தட்டின் அடியில் இரண்டைப் பூட்டினால் ஒரு ட்ரேக்கு நிறைய வெளிச்சம் கிடைக்கும், ஆறு மிளகாயும் ஆறு கத்தரியும் தாராளமாக எடுக்கலாம்.