மேல்தளத்தின் படத்தை நம்பி ஹைட்ரோபிளேன் வாங்காதீர்கள்

நீரின்மேல் சறுக்கி ஓடும் பந்தயப் படகான ஹைட்ரோபிளேனின், தொலைக்கட்டுப்பாட்டில் ஓடும் மாதிரிகளை எட்டில் ஒரு பங்கு அளவில் ஆணையின் பேரில் செய்து தருவதாக விளம்பரம் செய்துவந்த ஒருவரிடம் 1,400 டாலர் கொடுத்து, பத்து வாரத்தில் தருவதாகச் சொன்ன படகை ஏழு மாதம் காத்திருந்து வாங்கி, அது இரண்டாம் சுற்றிலேயே பின்புறமாகக் கவிழ்ந்து உடைவதைக் கரையில் நின்று பார்த்தேன். செய்தவரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் எந்த இடங்களில் தவறினார், அந்தத் தவறுகளை நான் ஏன் பணம் கட்டும் முன்பே கண்டுபிடிக்காமல் போனேன் என்பதை மட்டும் அளவுகளோடு எழுதுகிறேன்.

நான் கேட்டது ஸ்லோ-மோ-ஷுன் 4. சியாட்டில் பகுதியில் குடியேறியவர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டெட் ஜோன்ஸ் வடிவமைத்து, ஆங்கர் ஜென்சன் கட்டி, ஸ்டான் சேயர்ஸ் உடைமையாக வைத்திருந்த அந்தப் படகு, 1950 ஜூன் 26 அன்று லேக் வாஷிங்டனில் மணிக்கு 160.323 மைல் வேகத்தை எட்டி, 1939-இல் மால்கம் கேம்பல் நிறுவியிருந்த 141.74 மைல் சாதனையை ஏறக்குறைய பத்தொன்பது மைல் வித்தியாசத்தில் முறியடித்தது. நகர அருங்காட்சியகத்தில் அதைப் பார்த்த நாளிலிருந்தே அதன் மாதிரி ஒன்று என் கையால் தண்ணீரில் ஓட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அசல் சுமார் 28 அடி நீளம் என்பதால், எட்டில் ஒரு பங்கு என்றால் 42 அங்குலம் வரும். அவ்வளவு பெரிய மரவேலையைச் செய்ய வீட்டில் இடமில்லாததால்தான் வெளியே கொடுத்தேன்.

வேகமாக ஓடும்போது இந்த வகைப் படகின் உடல் தண்ணீரில் மிதப்பதில்லை. முன்னால் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பான்சன்களின் பின்விளிம்பும், பின்னால் பாதி மூழ்கிச் சுழலும் புரொப்பல்லரும் ஆகிய மூன்று புள்ளிகளே நீரைத் தொடுகின்றன. இரு ஸ்பான்சன்களின் பின்விளிம்புகளையும் புரொப்பல்லர் தண்டின் மையத்தையும் இணைத்து ஒரு தளத்தைக் கற்பனை செய்தால், ஓடும்போது நீர்மட்டம் ஏறக்குறைய அந்தத் தளத்தில்தான் இருக்கும். அந்தத் தளத்துக்கும் படகின் அடிப்பலகைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதே படகு ஓடுமா, உரசுமா, பறக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. மாதிரிப் படகில் இந்த இடைவெளி மேலும் முக்கியம். ஏனெனில் படகைச் சிறிதாக்கலாம், அலையைச் சிறிதாக்க முடியாது. குளத்தில் எழும் 2 செ.மீ. சிற்றலை, எட்டில் ஒரு பங்கு படகுக்கு அசலின் கணக்கில் 16 செ.மீ. அலையாகிவிடுகிறது.

இதையெல்லாம் நான் அறிந்திருந்தும் ஏமாந்தேன் என்பதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. ஏழு மாதத்தில் அவர் எனக்கு முப்பதுக்கும் மேற்பட்ட படங்களை அனுப்பினார். மஹோகனி நிற மேல்தளம், ஓட்டுநர் அறையின் சின்னஞ்சிறு கருவிகள், பக்கவாட்டில் எழுதிய யூ-27 என்ற எண் என ஒவ்வொன்றும் நகைக்கடைப் பொருள்போல மின்னியது. ஒரு படம்கூடப் படகைக் கவிழ்த்து வைத்து எடுத்ததாக இல்லை. நான் ஒருமுறை கேட்டபோது, அடிப்பகுதிக்கு இன்னும் வார்னிஷ் பூசவில்லை என்றார். அடுத்த முறை கேட்டபோது, பெட்டியில் அடைத்துவிட்டதாகச் சொன்னார். அந்த நேரத்தில் மீதிப் பணத்தை அனுப்பாமல் நிறுத்தியிருக்க வேண்டும்; நான் அனுப்பிவிட்டேன். அதுவும் வாங்குவோர் பாதுகாப்பு இல்லாத, நண்பர்களுக்கிடையே பணம் அனுப்பும் வழியில் அனுப்பினேன்.

முதல் ஓட்டத்தில் படகு நேராக ஓடாமல் இடப்பக்கம் சாய்ந்தே ஓடியது. வேகம் கூட்டியதும் மூக்கு மேலும் கீழுமாகத் தாளம் போட ஆரம்பித்தது. இரண்டாம் சுற்றின் நேர்ப்பாதையில், கால்வாசி விசை மீதமிருக்கும்போதே, மூக்கு எழுந்தது; எழுந்தது எழுந்தபடியே இருந்து, படகு முழுவதுமாகப் பின்புறம் மடிந்து மேல்தளம் தண்ணீரில் அறைந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து, உலர்த்தி, சமதளமான கண்ணாடிப் பலகையின்மீது வைத்து அளந்தேன். புரொப்பல்லரைக் கழற்றி, ஸ்பான்சன் விளிம்புகளைக் கண்ணாடியில் ஊன்றி, தண்டின் மையம் அதே மட்டத்தில் அமையுமாறு அட்டைகள் வைத்துப் பார்த்தபோது, இரு ஸ்பான்சன்களும் ஒரே நேரத்தில் கண்ணாடியைத் தொடவில்லை. வலப்பக்க ஸ்பான்சன் 4 மி.மீ. தாழ்வாக இருந்தது. இடப்பக்க ஸ்பான்சனில் நீரின்மேல் ஓடும் அடிப்பரப்பு 2 பாகை ஏற்றத்தில் இருக்க, வலப்பக்கம் நாலரைப் பாகைக்கு மேல் இருந்தது. ஒரு பக்கம் மற்றொன்றைவிட அதிகமாகத் தூக்கும் படகு சாயாமல் என்ன செய்யும்? நான் கொடுத்த வரைபடத்தில் படகின் பின்விளிம்பில் அடிப்பலகைக்கும் அந்தத் தளத்துக்கும் 12 மி.மீ. இடைவெளி குறித்திருந்தேன். கண்ணாடியின்மீது அது 3 மி.மீ.தான் இருந்தது. அதற்குமேல் அடிப்பலகை நீளவாட்டில் லேசாக வெளிப்புறம் புடைத்திருந்தது. உருக்கு அளவுகோலை வைத்தால் நடுவில் தொட்டு இரு முனையிலும் ஆடியது. புடைத்த அடிப்பலகை அலையைத் தொடும்போதெல்லாம் நீர் அதன்மேல் வழிந்து பின்பகுதியைக் கீழே இழுக்கும், மூக்கு ஏறும், பிறகு விடும். அதுதான் நான் பார்த்த தாளம்.

ஸ்பான்சன்களின் பின்விளிம்பு கூராக இருக்க வேண்டும், அப்போதுதான் நீர் அங்கே அறுபட்டு விலகும். இவர் நான்கு கை வார்னிஷ் பூசி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, அந்த விளிம்பை விரல் நகம்போல உருட்டிவிட்டிருந்தார். உருண்ட விளிம்பில் நீர் ஒட்டிக்கொண்டு மேலே திரும்பும், படகை விடாது. கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று செய்த வேலையே படகைக் கெடுத்தது என்பதால், இதை மட்டும் என்னால் கோபமின்றி எழுத முடியவில்லை.

கவிழ்ந்ததற்கு நேர்க் காரணம் ஸ்ட்ரட்டின் கோணம். புரொப்பல்லர் தண்டைத் தாங்கும் ஸ்ட்ரட் பின்முனை உயர்ந்து 2 பாகை சாய்ந்திருந்தது. அவ்வாறு சாய்ந்தால் உந்துவிசையின் ஒரு பகுதி பின்பக்கத்தைக் கீழே அழுத்தும், மூக்கை உயர்த்தும். மின்கலத் தட்டையும் ஸ்பான்சனுக்கு வெகு பின்னே எபாக்ஸியால் ஒட்டிவிட்டிருந்ததால், கனமையத்தை முன்னே நகர்த்தவும் வழியில்லை. மூக்கு ஓரளவுக்கு மேல் எழுந்துவிட்டால், ஸ்பான்சன்களுக்கு நடுவே புகும் காற்று மீதி வேலையைச் செய்துவிடும். இதே லேக் வாஷிங்டனில் 1955 கோல்டு கப் படகுப் பந்தயத்தின் தகுதிச் சுற்றில் லூ ஃபேஜோல் (Lou Fageol) ஓட்டிய ஸ்லோ-மோ-ஷுன் 5, காற்றில் முழு வட்டமாகப் பின்புறம் சுழன்று விழுந்ததை இங்குள்ள மூத்த ஓட்டுநர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த விபத்தின் படத்தைப் பார்த்திருக்கும் எவரும் மூக்கை உயர்த்தும் ஸ்ட்ரட்டை இவ்வளவு அலட்சியமாகப் பொருத்த மாட்டார்.

இன்னொன்று, கண்ணில் படாதது. மோட்டாரிலிருந்து புரொப்பல்லருக்குச் செல்லும் ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் முறுக்கிய எஃகுக் கம்பி. சுமை ஏறும்போது அது முறுக்கேறிச் சற்றே குறுகும். அதற்காகவே புரொப்பல்லரைப் பிடிக்கும் டிரைவ் டாக்குக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விடுவோம். இந்தப் படகில் ஒரு தாள்கூட நுழையாது. கம்பி குறுகியதும் டிரைவ் டாக் ஸ்ட்ரட்டின் முகத்தில் அழுந்தி உரசி, இரண்டே சுற்றில் தண்டைத் தாங்கும் பித்தளை புஷ் கருகிப்போயிருந்தது.

உடைந்த இடத்தில் மரமும் தெரிந்தது. நான் கேட்டதும் அவர் விலையில் சேர்த்ததும் விமானத் தர பிர்ச் ஒட்டுப்பலகை. உள்ளே இருந்தது நடுவில் ஓட்டைகள் கொண்ட மலிவான மூன்றடுக்குப் பலகை. ஒரு முறை நனைந்ததற்கே ஓரம் ஊறிப் பிரிந்திருந்தது.

அளவுகள், படங்கள் எல்லாவற்றையும் அவருக்கு அனுப்பினேன். ஓட்டத் தெரியாமல் கவிழ்த்துவிட்டேன் என்று முதலில் எழுதினார். ஸ்பான்சன் வேறுபாட்டைச் சுட்டியபோது, சுழலும் புரொப்பல்லர் படகை ஒரு பக்கம் சாய்க்கும் முறுக்கை ஈடுகட்ட வேண்டுமென்றே செய்ததாகச் சொன்னார். முறுக்கை ஈடுகட்டக் கனத்தை ஒரு பக்கம் நகர்த்துவது எங்கள் வழக்கம். வேண்டுமென்றே செய்த வேறுபாடு என்றால் அது வரைபடத்திலோ ரசீதிலோ ஒரு வரியாகவாவது இருந்திருக்கும். மரத்தைப் பற்றிய கேள்விக்குப் பதிலே வரவில்லை. பணம் அனுப்பிய வழியில் திரும்பப் பெறவும் இடமில்லை.

ஆகவே, இத்தகைய படகுக்கு ஆணை கொடுப்பவர்கள், வண்ணம் பூசும் முன்பே, படகைக் கவிழ்த்து வைத்து அடிப்பலகையில் நீளவாட்டில் அளவுகோல் ஊன்றிய படத்தையும், இரு ஸ்பான்சன்களின் ஏற்றக் கோணத்தைக் கோணமானியோடு எடுத்த படத்தையும், ஸ்ட்ரட்டின் கோணத்தையும் டிரைவ் டாக் இடைவெளியையும் எழுத்தில் கேளுங்கள். பலகை வெட்டிய மிச்சத்தில் ஒரு துண்டைத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். குறுக்குவெட்டில் அடுக்குகளை எண்ணிவிடலாம். மின்கலத் தட்டை ஒட்டாமல் நகரும்படி வைக்கச் சொல்லுங்கள். குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பணத்தைப் படகைக் கண்ணாடிப் பலகையில் வைத்து நீங்களே அளந்த பிறகு மட்டும் கொடுங்கள். நல்ல கைவினைஞர் யாரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். நான் பிறகு சென்றவர் கேட்கும் முன்பே தன் அளவுக் குறிப்பை எடுத்து நீட்டினார்.

அவர் பழைய ஸ்பான்சன்களை அறுத்தெடுத்து, புதியவற்றை இரு பக்கமும் அரை மில்லிமீட்டருக்குள் பொருத்தி, அடிப்பலகையை மாற்றித் தர இரண்டு மாதமும் 600 டாலரும் ஆயின. படகு இப்போது சாயாமல் ஓடுகிறது. முதலில் செய்தவர் சென்ற வாரம் வேறொரு ஹைட்ரோபிளேனுக்கு விளம்பரம் போட்டிருக்கிறார். பதினோரு படங்களும் மேல்தளத்தையே காட்டுகின்றன. அடிப்பகுதியைக் காட்டுமாறு கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். இதை எழுதும்வரை அவருக்குப் பதில் வரவில்லை.